காலியாகாத படுக்கை

வியாழக்கிழமை காலை டாக்டர் சுற்றி வந்து, "எல்லாம் நல்லா இருக்கு. நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்னார். அந்த ஆறு படுக்கை வார்டில் அதைக் கேட்டுச் சந்தோஷப்படாத ஒரே ஆள் லிப்ட்காரன்தான்.

அவனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பதினெட்டு மாடிக் கட்டடத்தில், லிப்ட் கூண்டின் தலை மேல் ஏறி நின்றுகொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி ஸ்பேனர் பிடிக்கிற ஆள். கீழே எட்டிப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். அவனுக்குக் கொட்டாவி வரும். குடியிருப்பில் யாரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'லிப்ட்காரர்' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அவன் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள் என்று அவன் பெருமையடித்துக்கொள்வான். எல்லோருக்கும் டீச்சர். வீட்டில் அவனுக்கும் டீச்சர்தான். பஸ்ஸில் போகும்போதுகூட டிரைவர் தாமதமாக பிரேக் போட்டால் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அந்த டீச்சருக்குத்தான் இடது மார்பில் கட்டி. புற்று என்று தெரிந்ததும் மார்பை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்த கையோடு, அவள் வயிற்றுச் சதையையே கொண்டு புது மார்பும் அமைத்துவிடலாம் என்றார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணி நேரம் அறுவை நடந்தது. அவன் அந்த ஒன்பது மணி நேரமும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வெளியே உட்கார்ந்திருந்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் அதற்கப்புறம்தான்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்து போர்வையை விலக்கினாள். புது மார்பில் ரத்தம் ஓடுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். தொட்டுச் சூடு பார்ப்பாள், நிறம் பார்ப்பாள், சின்னக் கருவி ஒன்றை வைத்து உள்ளே 'உஷ் உஷ்' என்று கேட்கும் சத்தத்தைக் கவனிப்பாள். அவன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்துவிட்டான். வீங்கிச் சிவந்த தோல். சுற்றிலும் தையல். மார்பிலிருந்து இரண்டு, வயிற்றிலிருந்து இரண்டு என்று நான்கு ரப்பர்க் குழாய்கள். ஒவ்வொன்றும் தோலோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, முனையில் கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குமிழில் போய் முடிந்தது. குமிழுக்குள் சிவப்பு நீர்.

அவன் எழுந்து வெளியே போனான். தாழ்வாரச் சுவரில் முதுகைச் சாய்த்தவன் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். துப்புரவுக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"என்னாச்சு உங்களுக்கு?" என்று டீச்சர் அப்புறம் கேட்டாள்.

"காலைல சாப்பிடல. அதான் கிறுகிறுன்னு வந்துடுச்சு."

"ஆபரேஷன் எனக்கு, மயக்கம் உங்களுக்கா?" என்று சிரித்தாள். சிரித்தால் வயிற்றுத் தையல் வலிக்கும், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து போர்வையில் நர்ஸின் கை படும் முன்பே அவன் காணாமல் போய்விடுவான். குடத்துத் தண்ணீர் தீராமலே தண்ணீர் பிடிக்கப் போவான். போன் வராமலே போனைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தான்.

இப்போது நாளைக்கே வீட்டுக்கு என்கிறார்கள். துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்த டீச்சரின் அக்கா வரவில்லை. அக்காவின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டுவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் அவனும் அவளும்தான்.

டாக்டர் போனதும் தலைமை நர்ஸ் ஒரு படிவத்தோடு அவனைத் தனியாக அழைத்தார். நரைத்த தலை, குதிகால் தேய்ந்த வெள்ளைச் செருப்பு, எதையும் இரண்டாம் தரம் சொல்லாத பேச்சு.

"வீட்டுல யார் பார்த்துக்கப் போறீங்க?"

"நான்தான் சிஸ்டர்."

"குழாய் நாலும் இன்னும் பத்து நாள் இருக்கும். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குமிழைக் காலி பண்ணி, எவ்வளவு நீர் வந்துச்சுன்னு எழுதணும். தோல்ல தைச்ச இடத்தைச் சுத்தம் பண்ணணும். மார்போட நிறம் மாறுதான்னு பார்க்கணும். சாயங்காலம் வாங்க, என் முன்னாடி நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டணும். அப்பதான் அனுப்புவேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"வீடு மாடியா?"

"அஞ்சாவது மாடி."

"லிப்ட் இருக்குல்ல?"

இந்த இடத்தில்தான் அது நடந்தது. அவன் யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகப் புரண்டது.

"இருக்கு சிஸ்டர். ஓடல."

"எப்போ சரியாகும்?"

"மோட்டாருக்கு மேல பிரேக் ஒண்ணு இருக்கும். அதோட காயில் எரிஞ்சு போச்சு. பார்ட்ஸ் வெளியூர்லேருந்து வரணும். மூணு நாலு நாள் ஆகும்."

வேறு எந்தப் பொய்யாக இருந்தாலும் தடுமாறியிருப்பான். இதைத் தடங்கலில்லாமல் சொன்னான். இருபத்திரண்டு வருஷ அனுபவம் கைகொடுத்தது. சிஸ்டர் பேனாவை மூடிவிட்டு டாக்டரைத் தேடிப் போனார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: வயிற்றில் இவ்வளவு பெரிய தையலோடு ஐந்து மாடிப் படி ஏற வேண்டாம், திங்கட்கிழமை வரை இங்கேயே இருக்கட்டும்.

டீச்சரிடம் அவன் லிப்ட் கதையைச் சொல்லவில்லை. உடனே போய்ச் சரிபண்ணுங்க என்பாள் என்று அவனுக்குத் தெரியும். "டாக்டர் இன்னும் மூணு நாள் வெச்சுப் பார்க்கலாம்னு சொல்றார்" என்று மட்டும் சொன்னான்.

அவள் முகம் மாறியது. "ஏன்? காலைல நல்லா இருக்குன்னாரே?"

"சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

"நிறம் மாறுதா? ரத்தம் ஓடலையா? உண்மையைச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ படு."

அவள் படுத்தாள். போர்வைக்குள் அவள் வலது கை மெல்ல இடது மார்புக்குப் போவதை அவன் பார்த்தான். தொட்டாள், எடுத்தாள், மறுபடி தொட்டாள். அந்த நிமிஷமே அவன் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "தண்ணி பிடிச்சுட்டு வரேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் வந்தபோது டீச்சர் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"நம்ம லிப்ட் கெட்டுப்போச்சா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "யார் சொன்னா?"

"சிஸ்டர். ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. விடிஞ்சதும் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன், என் மார்புக்கு என்னாச்சு சொல்லுங்கன்னு. ஒண்ணும் ஆகல, உங்க வீட்டு லிப்ட்டுக்குத்தான் உடம்பு சரியில்லன்னாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? ஊர் லிப்டையெல்லாம் பார்க்கிறவரு வீட்டு லிப்ட் படுத்துடுச்சேன்னு வெட்கமா?"

"ஆமா" என்றான் அவன். அது ஒன்றுதான் அந்த இரண்டு நாளில் அவன் சொன்ன பாதி உண்மை.

"பாவம், நீங்களும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறீங்க. லிப்டை எங்கே பார்ப்பீங்க? விடுங்க. திங்கட்கிழமை போவோம்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினான்.

கீழே காத்திருப்புக் கூடத்தில் உட்கார இடமில்லை. தூண் ஓரமாக ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், காலடியில் இரண்டு பைகள், ஒரு பிளாஸ்க், சுருட்டிய ஒரு போர்வை. அவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், நாற்பது இருக்கும், கையில் எக்ஸ்ரே உறையை அணைத்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அட்மிஷனா அண்ணே?" என்று லிப்ட்காரன் மரியாதைக்குக் கேட்டான்.

"அட்மிஷன்தான். ஆனா இல்லைன்னுட்டாங்க." அவர் கசப்பாகச் சிரித்தார். "தங்கச்சிக்கு நாளைக்கு ஆபரேஷன். மார்புல. எடுத்துட்டு, புதுசா அமைக்கிற ஆபரேஷன். இன்னைக்குக் காலைல வந்து சேரணும்னு சொல்லியிருந்தாங்க. ஆறு மணி நேரம் பஸ்ஸுல வந்திருக்கோம். இப்ப பெட் இல்லையாம்."

"எந்த வார்டுல?" என்றான் லிப்ட்காரன்.

"அந்த வார்டுல மொத்தமே ஆறு பெட்தானாம். வேற வார்டுல போட முடியாதாம், மணிக்கொரு தரம் பார்க்கணுமாம். இன்னைக்கு ஒரு அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதாம். அவங்க வீட்டுல லிப்ட் ஓடலையாம், அதனால போகலையாம்." அவர் கையை விரித்தார். "நம்ம நேரம் பாருங்க. எங்கேயோ ஒரு லிப்ட் நின்னதுக்கு, என் தங்கச்சி ஆபரேஷன் நிக்குது."

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். "அண்ணா, அவங்களைச் சொல்லாதே. தையலை வெச்சுக்கிட்டுப் படியேற முடியுமா? நாளைக்கு எனக்கும் அதே கதிதான். அவங்க என்ன வேணும்னேவா பண்றாங்க?"

"நான் யாரைச் சொன்னேன்? லிப்டைத்தான் சொல்றேன். ரிப்பேர் பண்றவன் ஒழுங்கா இருந்தா இப்படி ஆகுமா?" அவர் லிப்ட்காரன் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு என்ன வேலை?"

"எலக்ட்ரிக் வேலை" என்றான் லிப்ட்காரன்.

"இங்கே யாரைப் பார்க்க வந்தீங்க?"

"சொந்தக்காரங்க ஒருத்தங்க."

இருபத்திரண்டு வருஷத் தொழிலையும் பதினேழு வருஷ மனைவியையும் ஒரே மூச்சில் இல்லையென்று சொல்லிவிட்டான். பூமி பிளந்து விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. அவர் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி அவனிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த டீயையும் வாங்கிக் குடித்தான்.

கேன்டீன் பக்கம் அவன் போகவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த இடத்தில், வெயிலில், ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றான். அந்தப் பெண் தனக்காகப் பரிந்து பேசியது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. காலையில் டீச்சர் பேசியதும் இதே மாதிரிதான். இரண்டு பெண்களும் அவனை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவனைக் கூசவைத்தது. மனதைக் கெட்டிப்படுத்திக்கொண்டு மேலே ஏறினான்.

சிஸ்டர் மருந்து வண்டியில் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், எங்க வீட்டு லிப்ட் நல்லாத்தான் ஓடுது."

"சரியாயிடுச்சா? அதுக்குள்ளயா?"

"கெட்டே போகல. பொய் சொன்னேன்."

மாத்திரை பிரித்த கை நின்றது. அவன் தரையைப் பார்த்தபடி மிச்சத்தையும் சொன்னான். குழாயைப் பார்க்கப் பயம் என்றான். தன் கை பட்டு ஏதாவது கெட்டுவிட்டால் என்ன செய்வதென்று பயம் என்றான். கீழே இருக்கும் அந்த அண்ணன் தங்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் இப்போதே கிளம்புகிறோம் என்றான்.

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கே அவங்களுக்கு வேற தேதி கொடுத்து அனுப்பியாச்சு. அவங்க ஆபரேஷன் நேரத்தை இன்னொரு கேஸுக்குக் கொடுத்தாச்சு. அடுத்த தேதி பத்து நாள் கழிச்சுத் திங்கட்கிழமை."

"பத்து நாளா?"

"பயமா இருக்குன்னு நேத்து சொல்லியிருந்தா நேத்தே நான் சொல்லிக் கொடுத்திருப்பேன். இங்கே வர்ற பத்து புருஷன்ல எட்டு பேருக்கு அந்தப் பயம் இருக்கு." அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க மனைவிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவன் கூடத்துக்கு ஓடினான். தூண் ஓரம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பஸ் நிறுத்தம் வரை போய்ப் பார்த்தான். அவர்கள் இல்லை.

டீச்சரிடம் சொல்வதற்குப் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்தபோது அவள் அவனைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராத்திரி நான் எத்தனை தடவை அதைத் தொட்டுப் பார்த்தேன் தெரியுமா?" என்றாள். "கறுத்துப் போச்சோ, ஜில்லுன்னு ஆயிடுச்சோன்னு. மறுபடி வெட்டி எடுத்துடுவாங்களோன்னு. நீங்க வீட்டுல தூங்கினீங்க."

அவன் தூங்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல இது நேரமில்லை என்று தெரிந்தது.

"நீங்க பார்க்க மாட்டேங்கிறீங்கன்னு எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினா எனக்குத் தெரியாதா? அருவருப்பா இருக்கா?"

"ஐயோ, இல்ல."

"அப்புறம்?"

"பயம்."

"என்னைப் பார்த்தா?"

"என் கையைப் பார்த்து" என்றான். "ஒரு நட்டைத் தப்பா முறுக்கினா மாத்திப் போட்டுக்கலாம். இதை..." கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

டீச்சர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அப்புறம் சொன்னாள்: "எங்கிட்ட வர்றவங்க முக்கால்வாசிப் பேரு பயந்தாங்கொள்ளிதான். கை நடுங்குது டீச்சர்னு வந்து நிப்பாங்க. நான் யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கேனா? கூடக் குடியிருக்கிற மனுஷனுக்கு அதைச் சொல்ல வாய் வரல." நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு பத்து நாள் கட்டியை உடம்புல வெச்சுக்கிட்டு இருக்கணும். அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவன் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு இப்ப உங்களைத் திட்டக்கூடத் தெம்பில்ல. சிஸ்டரைக் கூப்பிடுங்க."

சிஸ்டர் வந்தார். கையைக் கழுவச் சொன்னார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். போர்வையை டீச்சரே விலக்கினாள். அவன் பார்த்தான். மூன்று நாளைக்கு முன் பார்த்த வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. வயிற்றுத் தோலும் மார்புத் தோலும் சேரும் இடத்தில் நிறம் லேசாக வேறுபட்டது. முலைக்காம்பு இல்லை. இத்தனை பேர் கண்ணும் கையும் பட்ட இடத்தில், தான் மட்டும்தான் இதுவரை நின்று பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"மூடியைத் திறங்க" என்றாள் டீச்சர். சிஸ்டர் சொல்ல வாயெடுத்தவர் சும்மா இருந்துவிட்டார். "அவசரமில்ல. கப்புல சாய்ங்க. எவ்வளவு இருக்கு, படிங்க. சத்தமா."

"நாப்பது மில்லி."

"இப்ப குமிழை நல்லா அமுக்குங்க. காத்து முழுக்கப் போகணும். விட்டுடாதீங்க, அமுக்கிப் பிடிச்சபடியே மூடியைப் போடுங்க. கையைப் பார்க்காதீங்க, குமிழைப் பாருங்க."

முதல் குமிழில் மூடி இரண்டு தடவை நழுவியது. நான்காவதில் நழுவவில்லை. எழுந்து நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிஸ்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். லிப்டில் ஏறும்போது மூன்றாம் மாடி அம்மா அவர்களோடு ஏறி, "லிப்ட்காரர் வீட்டுக்காரிக்காகவே லிப்ட் இன்னைக்கு மெதுவாப் போகுது பாருங்க" என்றாள். டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை. வீட்டில் அவனிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. காலையும் மாலையும் அவன் கையைக் கழுவிக்கொண்டு வருவான், அவள் போர்வையை விலக்குவாள். தேதி போட்டு எழுதுவான். நிறம் பார்ப்பான். மூன்றாம் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டே, "கை நடுக்கம் குறைஞ்சிருக்கு" என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

பத்தாம் நாள் திங்கட்கிழமை குழாய்களை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டீச்சரை உள்ளே அழைத்தார்கள். கதவருகே அவள் நின்றாள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னைக்குத்தானே?"

"ஆமா."

"அவரு கூடத்துல இருப்பாரு. நீங்க உள்ளே வர வேண்டாம்."

அண்ணன்காரர் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நின்றிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க தம்பி, உங்க சொந்தக்காரங்க எப்படி இருக்காங்க?" என்றார்.

"அவங்க சொந்தக்காரங்க இல்ல அண்ணே. என் மனைவி. அன்னைக்கு வீட்டுக்குப் போகாத அம்மா அவங்கதான். லிப்ட் கெட்டுப்போகல. குழாயைப் பார்க்கப் பயந்துக்கிட்டு நான் சொன்ன பொய். நான்தான் அந்த லிப்ட் ரிப்பேர் பண்றவன்."

அவர் உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்தபோது முகம் மெல்லக் கறுத்தது. அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தான்.

"இந்தப் பத்து நாளும் அவ சரியாச் சாப்பிடல" என்றார். "கட்டி பெருசாயிடுச்சா பாருண்ணான்னு தினமும் கேட்பா. நான் என்னத்தைப் பார்ப்பேன்? அண்ணன்காரன், நான் எதைப் பார்ப்பேன்?"

லிப்ட்காரன் கைகூப்பினான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"அவ உள்ளே இருக்கா. இப்ப உங்ககிட்ட சண்டை போட எனக்கு மனசில்ல. மன்னிச்சேன்னு சொல்லவும் மனசில்ல. போயிடுங்க."

அவன் போனான். தாழ்வாரக் கோடியில் டீச்சர் சுவரைப் பிடித்தபடி, சற்றே குனிந்து, நின்றுகொண்டிருந்தாள். குழாய்கள் போய்விட்டதால் மேலே அணிந்திருந்த தொளதொள சட்டை தட்டையாகக் கிடந்தது.

"என்ன சொன்னார்?"

"போகச் சொன்னார்."

"சொல்லத்தான் செய்வார்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும், அந்தப் பெண் ஐந்தாம் நாள் வீடு திரும்பியதையும் அடுத்த முறை போனபோது சிஸ்டர் சொன்னார். கட்டி அதிகம் பரவியிருக்கவில்லையாம். தாமதத்தால் ஏதாவது ஆனதா என்று கேட்க லிப்ட்காரனுக்குத் தைரியம் வரவில்லை, டீச்சர்தான் கேட்டாள். "பத்து நாள்ல பெருசா ஒண்ணும் ஆகாது" என்றார் சிஸ்டர். "ஆனா அந்தப் பத்து நாளை அவங்கதானே கழிச்சாங்க."

இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். டீச்சரால் இப்போது நிமிர்ந்து நடக்க முடிந்தது. அவன்தான் குனிந்த தலை நிமிராமல் வந்தான். சாலையைக் கடக்கும் இடத்தில் அவள் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரோட்டைப் பார்த்து நடங்க" என்றாள்.